உன் பங்கு மன்னிப்பு

பிரியமான என் வீட்டுக்காரிக்கு,

நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் உன் தங்கை வீடே பதறிப்போகும். அதனால் ஆண்டவர் கிருபையில் வண்டி ஓடுகிறது என்று மட்டும் வைத்துக்கொள். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்காதே. போனில் பேசினால் நான் முந்திக்கொண்டு பேசுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். ஆகவே கடிதம்.

பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை. ஊரில் பல் விழுவது நின்றால்தானே பல்செட் செய்கிறவன் உட்கார முடியும். பாடகர் குழுத் தலைவர் மேல்செட்டை மறுபடி கீழே போட்டு உடைத்துக்கொண்டு வந்தார். உன் இடத்தில் இப்போது தபால்காரர் மனைவி பாடுகிறாராம். அந்த அம்மா வாயைத் திறந்தால் சுருதி பின்வாசல் வழியாகப் போய்விடுகிறதாம். 'உங்க வீட்டம்மா எப்ப வருவாங்க?' என்று தலைவர் கேட்டார். நான் செட்டை ராவிக்கொண்டே காது கேட்காதவன்போல இருந்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பாப்பாவைக் கொன்றவனின் கருணை மனு அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது. தூக்கா, ஆயுள் முழுக்கச் சிறையா என்று அதற்கென்று அமைத்த குழு முடிவு செய்யும். பெற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்பார்களாம். அவனுடைய வக்கீல் பட்டறைக்கே வந்துவிட்டார். 'அம்மாவுக்கும் இதுல சம்மதம்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா போதும் சார், உயிர் தப்பிடும்' என்றார். அப்பா மட்டும் சொன்னால் எடுபடுமா என்பது சந்தேகம்தானாம்.

ஒரு வார்த்தைதான். நாலு வருஷமாக நான் சரளமாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வார்த்தை.

அடக்க ஆராதனையில் போதகர் என்னைப் பேசச் சொன்னார். நம் சபையில் குடும்பத்துக்காகத் தகப்பன் எழுந்து பேசுவதுதானே வழக்கம். நானும் எழுந்தேன். எங்கள் குடும்பம் அவனை மன்னித்துவிட்டது என்றேன். நீ முதல் வரிசையில் பாப்பாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன்னை ஒரு பார்வை பார்த்துக் கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. கேட்டவர்கள் அழுதார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், மற்ற சபைகளிலும் வந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போனேன். பாப்பா போன பிறகு எனக்கு இதமாக இருந்த ஒரே இடம் அந்த மேடைகள்தான். அப்போதெல்லாம் நீ வீட்டில் அவள் துணிகளைத் துவைத்து, மடித்து, மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாய்.

கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மன்னிக்கிற இடம் வரும்போது நீ வாயை மூடிக்கொள்வாய். நான் முழங்கையால் இடிப்பேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மரண தண்டனை கூடாது என்று கூட்டம் போட்டவர்கள் சுவரொட்டி அடித்தார்களே, அதில் நம் கல்யாணப் படத்தில் இருந்து உன் முகத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். படத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தச் சுவரொட்டியைக் கிழிக்காமல், மடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நீ கேட்டாய்: 'எம் பங்கையும் சேத்து தூக்கிக் குடுக்க நீங்க யாரு?' பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பினாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று உன் தங்கையிடம்கூடச் சொன்னேன்.

உயிரை எடுக்க மனுஷனுக்கு அதிகாரம் இல்லை என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். அதில் மாற்றம் இல்லை. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும், நடுவில் நாம் எதற்கு என்று சபை மூப்பர் சொல்லும்போது இன்னும் சண்டைதான் போடுகிறேன். மனம் திரும்ப அவனுக்கு நேரம் வேண்டாமா என்று கேட்பேன், மூப்பர் பேச்சை மாற்றிவிடுவார். ஆனால் இதையே உன்னிடம் சொன்னபோது, 'பாப்பாவுக்கு யாருங்க நேரம் குடுத்தா?' என்றாய்.

போன வாரம் சிறைப் போதகரோடு போய் அவனைப் பார்த்தேன். உன்னிடம் மறைக்கமாட்டேன். பாப்பா வேலை பார்த்த மருந்துக்கடைக்கு வேனில் பெட்டி கொண்டுவந்து இறக்கியவன்தானா இவன் என்று ஆகிவிட்டது, அவ்வளவு இளைத்துவிட்டான். முன்பல் நாலும் இல்லை. அவன் வாயைப் பார்த்ததும் மேல்தாடைக்கு எந்த அளவு செட் பொருந்தும் என்று என் கண் தானாக அளந்தது. தொழில் புத்தி. வெட்கமாகப் போய்விட்டது.

அவனே பேச்சை எடுத்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை தரமாட்டேன் என்று பாப்பா சொன்னதையும், முதலில் வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று அவள் தன்மையாகச் சொன்னதையும் சொன்னான். அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. என்னாலும் கேட்க முடிந்திருக்காது. பிறகு, 'நீங்க மன்னிச்சது இங்க எல்லாருக்கும் தெரியும் ஐயா. அம்மா என்ன சொன்னாங்க?' என்று கேட்டான்.

அம்மாவும்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனை மேடையில் சொன்னது! வரவில்லை. 'அம்மாகிட்ட நான் கேக்கவே இல்லப்பா' என்றேன். அவன் 'சரிங்க ஐயா' என்றான். கொலை செய்தவனுக்குக் கேட்கத் தோன்றியது, கூடவே வாழ்ந்தவனுக்குத் தோன்றவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். என் மனசு என்ன என்று மட்டும்தான் சொல்வேன். மனைவிக்காக ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். அவள் சம்மதம் உண்டா என்று குழு கேட்டால், அவளைத்தான் கேட்க வேண்டும் என்பேன். 'ஒரு உயிர் போயிடும் சார்' என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் உன் வாயில் இருந்து திருடிய வார்த்தையை வைத்து யாரையும் காப்பாற்ற எனக்குத் தைரியம் இல்லை.

நீ வர வேண்டும். அவனுக்காக வா என்று கூப்பிடவில்லை. தூக்கில் போடுங்கள் என்று சொல்லத்தான் வருகிறாய் என்றாலும் வா. அங்கே பாப்பாவைப் பற்றிப் பேச உனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது. நீ என்ன சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இடிக்கமாட்டேன். வர மனமில்லை என்றால் அதுவும் உன் இஷ்டம். ஏன் என்று கேட்கமாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். எழுதவில்லை. அந்த ஒன்றை உன்னிடம் கேட்காமலே ஒருமுறை எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்கென்று கேட்க எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவேன்?

பரமபிதா உனக்குத் துணையிருப்பாராக. உனக்காக நான் செய்கிற ஜெபத்தில் இதைத் தவிர வேறு எதையும் இப்போது சொல்வதில்லை. மிச்சத்தை நீயே அவரிடம் சொல்லிக்கொள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா