லீவு வேகன்சியில் இருந்தவளுக்கு

வீடு மாறுகிறோம். செங்கல் என்ற இந்த ஊரில் இருக்கும் வீட்டை விற்றுவிட்டு மகனோடு திருவனந்தபுரத்துக்குப் போகிறேன். பெட்டியில் புத்தகங்களை அடுக்கும்போது அந்தச் சிறிய ஆங்கில அகராதி கையில் வந்தது. பூச்சி அரித்த தாளின் நெடி மூக்கில் ஏறியது. 'எல்' எழுத்து வரும் பக்கங்களில் ஒன்றில், ஓரமாக உன் பென்சில் எழுத்து இன்னும் அழியாமல் இருக்கிறது. 'லீவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருக்கிறாய்: விடுமுறை. அனுமதி. புறப்படு. விட்டுச்செல். சும்மா விடு.

நான் குவைத்துக்குப் புறப்பட்ட வாரம் அதை என் கையில் திணித்தவள் நீ. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உனக்குப் பரிசாகக் கிடைத்தது. வேண்டாம் என்றேன்.

"அங்க போனா இங்கிலீஷு வேணும்லா, எக்கா. எனக்கு இஞ்ச எதுக்கு? மூணாங் கிளாஸுக்கு எனக்க கையில உள்ளதே கூடுதலாக்கும்" என்றாய்.

என் பிரசவ லீவுக்கு ஆளாகத்தான், நான் லீவில் போகும் வாரம், நீ முதன்முதலாக எங்கள் தமிழ் மீடியம் பள்ளிக்கு வந்தாய். காரோடு என்ற ஊரின் கடற்கரையிலிருந்து ஒரு பெண் டீச்சர் டிரெயினிங் முடித்து வந்திருக்கிறாள் என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உன் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். நீ உட்கார்ந்த பெஞ்சில் மீன் வாடை அடிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டும் கேட்காதவள்போல நீ வருகைப் பதிவேட்டில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாய். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகு அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நான் திரும்பி வந்ததும் நீ போனாய். ஆனாலும் நம் பழக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி என் வீட்டுக்கு வருவாய். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்று பேசுவாய். என் கணவருக்குக் குவைத்தில் வேலை உறுதியாகி, நானும் ஐந்து வருடம் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்தபோது, அந்த இடத்துக்கு உன் பெயரைப் பள்ளியை நடத்தும் மேனேஜரிடம் சொன்னவள் நான்தான். நிரந்தர ஆசிரியை திரும்பும்வரை அவள் இடத்தில் இன்னொருத்தி வேலை செய்வாள். அதற்கு லீவு வேகன்சி என்று பெயர். நிரந்தரக்காரி திரும்பிவிட்டால் மற்றவள் போக வேண்டும்.

"வேகன்சின்னா காலி இடம். லீவுன்னா விடுறது. ரெண்டும் சேந்தா என்ன அர்த்தம், எக்கா? விட்டாலும் காலி இல்லன்னா?" என்று கேட்டுச் சிரித்தாய். எனக்கு அப்போது அது வெறும் வேடிக்கையாகத் தெரிந்தது.

மூன்று வருடங்கள் ஓடின. மாதம் ஒரு கடிதம் எழுதுவாய். இரண்டாவது பெஞ்சில் இருக்கும் பிள்ளை வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தது, ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகிப் புதியவர் வந்தது, மழையில் ஓடு விழுந்தது என்று எல்லாம் இருக்கும். அப்படி ஒரு கோடை விடுமுறையில் வந்த கடிதத்தில்தான் அந்தச் செய்தி இருந்தது. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் சிஸ்டர்மார் நடத்தும் பள்ளியில் ஒரு நிரந்தர இடம். உங்கள் கோயில் பாதிரியார், பங்கு அச்சன், சிபாரிசு செய்திருக்கிறார். பள்ளி திறப்பதற்கு முன் பதில் சொல்ல வேண்டும். 'உங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் உண்டு. அதுக்குப் பிறகும் லீவை நீட்டுவீங்கன்னா எனக்குப் போக மனசில்ல. இந்தப் பிள்ளைகள் பழகிட்டுது. ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்ததை யாரிடமும் சொன்னதில்லை. உன் நன்மையை நான் யோசிக்கவில்லை. நீ போனால் மேனேஜர் தன் மச்சினன் மகளைக் கொண்டுவந்து அங்கே உட்கார்த்துவார். அவளை எழுப்ப நான் கோர்ட் வாசலில் நிற்க வேண்டிவரும். நீயாக இருந்தால் நான் வாசலில் வந்து நின்றாலே எழுந்துவிடுவாய். என் இடத்தைப் பத்திரமாக வைத்திருக்க உன்னைப் போன்ற ஒருத்தி வேண்டும். இதுதான் யோசனை.

மறுநாளே தந்தி கொடுத்தேன். லீவை நீட்டுகிறேன், வேலையை விடாதே. 'எக்ஸ்டெண்டிங் லீவ். டோண்ட் லீவ்.' ஒரே சொல்லை இரண்டு தடவை அழுத்தமாக எழுதினேன். லீவை நீட்டும் விண்ணப்பம் எழுதி முடித்து, கையெழுத்தும் போட்டு, என் மேசை டிராயரில் கிடந்தது. "பாப்போம், அவசரம் ஒண்ணும் இல்ல" என்று கணவர் சொன்னார். நானும் அதைத் தபாலில் சேர்க்கவில்லை.

நீ சிஸ்டர்மாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.

அந்த ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் நுழைந்தது. கணவர் வேலை பார்த்த கடை போயிற்று, வேலை போயிற்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் பாலைவனக் கூடாரத்திலும் வாரக்கணக்கில் கிடந்து, ஜோர்டானிலிருந்து விமானம் ஏறி, பம்பாய் வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். இரண்டு துணிப்பைகள்தான் மிச்சம். அதில் ஒன்றில் இந்த அகராதி இருந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. கணவர் பித்துப் பிடித்தவர்போல வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்து நான் பள்ளிக்குப் போனேன்.

நீ மூன்றாம் வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாய். "ஜீவனோட வந்தீங்களே, எக்கா. மாதாவுக்கு மெழுகுதிரி நேந்திருந்தேன்." பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். என் பையில் வேலைக்குத் திரும்புவதாக எழுதிய கடிதம் இருந்தது. நீ என் கண்ணைத் துடைத்துவிட்ட பிறகுதான் அதை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன்.

மறுநாள் அவர் உன்னை அழைத்துச் சொன்னார். "டீச்சரே, ஸ்திர டீச்சர் வந்தாச்சு. நாளைக்கு சார்ஜ் கைமாறணும். மனசுக்கு விஷமம் உண்டு, ஆனா நியமம் அப்பிடியாக்கும்." நான் பக்கத்தில்தான் நின்றேன்.

நீ ஒரு நாள் அவகாசம்கூடக் கேட்கவில்லை. சாக்பீஸ் பெட்டியை, சாவியை, மார்க் புத்தகத்தை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாய். எந்தப் பிள்ளைக்குக் கண் தெரியாது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும் என்று சொல்லித் தந்தாய். "எனக்கு வேற வழியில்ல, மக்கா" என்று நான் ஆரம்பித்தபோது, "விடுங்க, எக்கா" என்றாய்.

சாயங்காலம் உதியன்குளங்கரை பஸ் ஸ்டாப் வரைக்கும் உன்னோடு நடந்தேன். உன் பஸ் வருவது தெரிந்தபோது என் பக்கம் திரும்பினாய்.

"ஒண்ணு கேக்கட்டா? நீங்க வந்ததுல எனக்குச் சங்கடம் இல்ல. எங்க போவீங்க? பட்டாளம் வருமுன்னு யாரு கண்டா? ஆனா அந்த அப்ளிகேஷன்... அத அனுப்பினீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். போரில் தபால் தொலைந்துவிட்டது என்று சொன்னால் நம்பியிருப்பாய். ஏனோ முடியவில்லை.

"அனுப்பல்ல."

"ஆபீஸ்ல சாரும் அதுதான் சொன்னாரு, அப்பிடி ஒண்ணு வரவே இல்லன்னு. நான் அவருகிட்ட சண்ட போட்டேன். எக்கா அப்பிடிச் செய்யமாட்டாவன்னு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாய். கையசைக்கவில்லை. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வரவில்லை.

அடுத்த காலி இடம் வந்தால் உனக்குத்தான் முதல் உரிமை என்று சட்டம் இருந்தது. அதை வைத்து நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வீடு வேன் வந்து பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அள்ளிக்கொண்டு போன காலம் அது. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, இருந்த வகுப்புகளையே ஒன்றாகச் சேர்த்தார்கள். புதிய இடம் வரவே இல்லை. சிஸ்டர்மாரின் பள்ளியில் வேறொருத்தி நிரந்தரமாகிவிட்டாள். நீ ஒரு நர்சரியில் கொஞ்ச காலம் இருந்தாய் என்று கேள்விப்பட்டேன். உன் அப்பாவுக்கு வாதத்தில் கால் விழுந்த பிறகு, கடற்கரைப் பெண்கள் கூட்டமாகப் போவார்களே, குஜராத்தில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு, அங்கே போய்விட்டாய் என்றும் கேள்விப்பட்டேன்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம் பாறசாலையில் உன்னைப் பார்த்தேன். நம்மிடம் படித்த ஒரு பையன், அப்போது மீசை அரும்பியவன், ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து "டீச்சரே!" என்று கத்தினான். நாம் இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். அவன் உன்னிடம்தான் ஓடினான். நீ முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டாய். ஐஸ் தண்ணீரில் கிடந்து தோல் உரிந்து, விரல் நுனியெல்லாம் வெந்ததுபோல் இருந்த கைகள். நான் அவற்றைப் பார்த்துவிட்டேன் என்று உனக்கும் தெரியும்.

"சுகமா இருக்கியா, மக்கா?"

"உண்டு" என்றாய். சுகம் உண்டா, உயிர் மட்டும் உண்டா என்று நான் கேட்கவில்லை. "சாருக்கு இப்ப கொள்ளாமா?" என்று என் கணவரின் நலம் கேட்டாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாய்.

இரண்டு வருடம் கழித்து மஞ்சள்காமாலையோடு ரயிலில் வந்து இறங்கினாய். மெடிக்கல் காலேஜில் ஒன்பது நாள். நான் பார்க்க வரவில்லை. வர வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சேலை எடுத்து வைத்தேன். நீ கண்ணை விழித்து என்னைப் பார்ப்பாயே என்று பயம். முப்பத்துநான்கு வயதில் நீ போன செய்தி பள்ளிக்கு வந்தபோது ஹெட்மாஸ்டர் பிள்ளைகளை ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார். பாதிப் பேருக்கு நீ யாரென்று தெரியாது.

அடக்கத்துக்கு வந்தேன். உன் வீட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். பந்தலில் பெண்கள் மணலில் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உன்னைத் திட்டம்போட்டு ஏமாற்றியவள் இவள்தான் என்று யாராவது கை நீட்டிச் சொல்வார்கள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன். உன் அம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா வந்தீங்களா! எலே, இதாக்கும் எனக்க மோளுக்க டீச்சரக்கா. எப்பளும் இவியளப் பத்திதான் பறைவா. நீங்க ஒங்களுக்க எடத்தத் தந்ததினாலயாக்கும் அவ மூணு வருசம் நல்ல சேல உடுத்து, கொட பிடிச்சு நடந்தா. பெறகு ஸ்கூலுல ஆளு வேண்டாமுன்னு ஆச்சுல்லா. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

நீ அவர்களிடம் சொல்லவே இல்லை. தந்தி வந்தது, நான் பொய்யாக வாக்குக் கொடுத்தது, உன்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தது எதையும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, அல்லது இப்படி ஒருத்தியை நம்பினேன் என்று சொல்ல வெட்கப்பட்டாயா? இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்தாய் என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

அப்போதாவது உன் அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் பிடியை விடாமல், பந்தலுக்கு வெளியே நின்றிருந்த உன் அண்ணனைக் கூப்பிட்டாள். "மக்கா, டீச்சரம்மாவுக்கு ஒரு கசேரி கொண்டு வா" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கி வந்தான். மற்ற பெண்கள் எல்லோரும் வெறும் மணலில் இருந்தார்கள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் அம்மா அதன்மேல் இருந்த மணலைத் தன் முந்தானையால் துடைத்தாள். நான் உட்கார்ந்தேன்.