சீஸ் எது, சார்டின் எது?

பூங்காவனம்,

அடுப்படிக்குள் போகுமுன் இதைப் படி.

நம் கமலவேணியைப் பெண் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்களே, மாப்பிள்ளையின் அம்மா சுத்த சைவம் என்று, மாவுக்குள் பூரணம் வைத்துப் பொரிக்கும் கறிபாப்பில் சீஸ் இருபதும், மற்றவர்களுக்குச் சார்டின் மீன் இருபதும் மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாய். சீஸுக்கு முறுக்கிய ஓரம், சார்டினுக்கு முள்கரண்டி அழுத்திய ஓரம். இதெல்லாம் பென்ஷன் வாங்கும் உன் வீட்டுக்காரனுக்குத் தெரியுமா? சீஸைச் சோப்புக்கட்டி என்று காலையில் சொன்னதற்கு நீ முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். நாட்டுக்கே மெர்டேக்கா வந்தாயிற்று, அவனுக்கு மட்டும் உன்னிடம் விடுதலை இல்லை. சமாதானத்துக்காக நாற்பதுக்கும் ஒரே மாதிரி ஓரம் முறுக்கி, பொரித்தும் எடுத்துவிட்டான். ராஜாவின் கிரீடம்கூட அப்படி மின்னாது!

“அப்பா, இதுல சீஸ் எதுப்பா?” என்றாள் மகள்.

அவன் ஒவ்வொன்றாக எடுத்தான். முகர்ந்தான், குலுக்கினான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். கடைசியில் கடித்தான். பதினொன்று நிச்சயமாகச் சீஸ்தான். பதினொன்றிலும் அவன் பல் பதிந்திருக்கிறது.

காஜா பேராங் கடையில் சீஸ் டின் இல்லையாம். அதை வாங்கச் சைக்கிளில் பண்டார் ஹிலிர் கடைக்குப் போயிருக்கிறான். நீ மாவு பிசைந்து வை.

உன் வீட்டுக்காரன், கணேசமூர்த்தி

பி.கு.: அந்தப் பதினொன்றில் இப்போது மிச்சம் ஒன்பதுதான். சோப்புக்கட்டி என்று சொன்னதை அவன் வாபஸ் வாங்குகிறான்.