அத்தானின் காதுப் பஞ்சு

என் அன்பான அத்தான்,

கோயில் கொடியேறிவிட்டது. நாளை மேளச்சமா, நாதஸ்வரமும் தவிலும் மட்டும் பொழியும் இரவு. நான் நாதஸ்வரத்தோடு நிற்பேன், பக்கத்தில் தவிலோடு நீங்கள் இருக்கமாட்டீர்கள்; எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மூதூரிலிருந்துகூட ஆட்கள் வந்து அக்காவிடம் உங்கள் தவிலடியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எனக்கு உங்கள் காதுப் பஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டும்.

துறைமுக வீதித் தேநீர்க்கடையில் இருந்தோமே, நினைவிருக்கிறதா? கப்பல் கூவியது. கடையே திரும்பிப் பார்த்தது. நீங்கள் மட்டும் வடையைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"அத்தான், கேக்கேல்லையோ?"

"எது?" என்றீர்கள். அப்போதுதான் உங்கள் காது போவது எனக்குத் தெரிந்தது.

நம் தொழிலில் நாரி பிடித்து இடுப்பு நிமிராவிட்டாலும் சொல்வோம், விரல் வெடித்தாலும் சொல்வோம். மேளச் சத்தத்தில் காது போனால் மட்டும் வாய் திறப்பதில்லை. அடுத்த திருவிழாவுக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம். நீங்கள் சொன்னீர்கள். அதுவும் எப்படி! மேளச்சமாவில் உங்கள் காதில் பஞ்சைக் கண்ட கோயில் தலைவர் எல்லார் முன்னாலும் பாய்ந்தார்.

"சாமிக்கு வாசிக்கிற ஆள் காதை அடைக்கிறதோ?"

"சாமிக்குக் காது கேக்கும் ஐயா. எனக்குத்தான் ஒரு காது கேக்காது. மற்றதும் மந்தம், அதுவும் போனா நாளைக்கு ஆர் வாசிக்கிறது?"

பிறகு நீங்கள் பஞ்சை எடுக்காமலே என் கன்னம் உப்புவதையும் விரல் ஓடுவதையும் பார்த்துப் பார்த்தே வாசித்தீர்கள். ஓர் அடி பிசகவில்லை. "மச்சான்ர முகத்தில என்ன, படமோ ஓடுது?" என்று சனம் சிரித்தது. எவ்வளவு பெரிய வித்தை அது, அத்தான்! அடுத்த நாளே மற்றத் தவில்காரரும் ஒளிக்காமல் பஞ்சு வைத்தார்கள்.

இப்போது என் வலது காதிலும் விடாத இரைச்சல். "போனது திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்துங்கோ. வெறும் பஞ்சு காணாது, இதைப் போடுங்கோ" என்று டொக்டர் ரப்பர் அடைப்பான் தந்தார். புதுத் தலைவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அக்காதான் ஏசினார்: "உன்ர அத்தான் அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொன்னவர்தானே, உனக்கென்ன வந்தது?"

இன்று பின்னேரம் போய்ச் சொல்லிவிட்டேன். தலைவர் அடைப்பானை வாங்கிப் பார்த்தார். "ஓம், அந்தப் பஞ்சு வைச்சவரின்ர மச்சான்தானே நீங்கள்? வாசியுங்கோ" என்றார். வாசலுக்கு வந்துதான் அழுதேன்.

நாளை உங்கள் இடத்தில் நிற்பவரின் கையைப் பார்த்து ஊதுவேன். மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியைக் கவனமாக வைத்திருப்பேன், இது சத்தியம். கப்பல் கூவினால் உங்களுக்கும் சேர்த்துத் திரும்பிப் பார்க்க ஒருவன் வேண்டாமா?

உங்கள் பக்கத்தில் நின்றே ஊதிப் பழகிய
மச்சான்