மொரப்பூர் வரை நிற்காத வண்டி

அரூர்,
கார்த்திகை 3

சௌபாக்கியவதி சாலம்மாளுக்கு அப்பா எழுதுவது. நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுப் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க முனியப்பனை வேண்டிக்கொள்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது, தலைப்பிரசவத்தைப் பம்பாயிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மாப்பிள்ளை மரியாதையாகக் கேட்டு எழுதியிருந்தார். இன்னும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். வண்டி கெட்டுப்போயிருந்தது, அதனால்தான்.

வண்டிக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீ சிரிப்பாய். உன் அம்மா இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பெண்துணை இல்லாத வீட்டில் உனக்கு வலி எடுத்தால் மருத்துவச்சி முனியம்மாளைக் கூட்டிவரவும், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் தர்மபுரிக்கு ஓடி டாக்டரை அழைக்கவும், நான் ஊர் ஊராக மாட்டு வைத்தியத்துக்குப் போகிற அந்த மோட்டார் சைக்கிளை விட்டால் என்ன இருக்கிறது? அது ஒழுங்காக ஓடினால் உன்னை வரச்சொல்வது, இல்லையென்றால் மாப்பிள்ளைக்குச் சரி என்று எழுதிவிடுவது என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அதுவோ ஆயுத பூஜையிலிருந்து மக்கர் பண்ணியது. ஒரே உதையில் கிளம்பும், ஊர் எல்லை தாண்டியதும் இருமிவிட்டு நின்றுவிடும். ரோட்டோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு உதைத்தால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும், மறுபடி நிற்கும். பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டினேன், மேக்னெட்டோ பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன், பெட்ரோலைத் துணியில் வடிகட்டினேன், சம்பந்தமில்லை என்று தெரிந்தும் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். சைக்கிள் கடை மாரியப்பன் வந்து பார்த்து, வயசாயிடுச்சுங்க, சேலத்துக்குப் போட்டு வுடுங்க என்றான். பொங்கித் தின்பது, வண்டியைப் பிரிப்பது, மாட்டுவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. வீட்டில் இன்னொரு குரல் இல்லை சாலா. குழம்புக்கு உப்புப் போதுமா என்று அந்த வண்டியைத்தான் கேட்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை தீர்த்தமலை ரோட்டில் நின்றபோது பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாம் என்று டாங்கி மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. உதைத்தேன், உடனே கிளம்பியது. மூடியைத் திருப்பிப் பார்த்தால், காற்றுப் போக இருக்கிற ஊசித் துளையில் நான் பூஜைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது, அதன்மேல் குங்குமம் வேறு. காற்று போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? வருஷா வருஷம் நீதானே பொட்டு வைப்பாய். விளக்குக்கு வைப்பாய், மட்கார்டுக்கு வைப்பாய், மூடியை மட்டும் விட்டுவிடுவாய். மறந்துவிடுகிறாய் என்றே நினைத்திருந்தேன், இந்த வருஷம் குறை வேண்டாம் என்று நானே தாராளமாக அப்பினேன். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, நீ வந்தால் இறங்குகிற மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நேரே விட்டேன், எங்கும் நிற்கவில்லை. ரயில் வந்தது, யார் யாரோ இறங்கினார்கள், எல்லோரும் போகும்வரை பார்த்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

வருகிற வழியில் முனியம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தி, அவசரமென்றால் இதில் ஏறி வருவாயா என்று கேட்டேன். அதுல எவ ஏறுவா, சாலா பாப்பா வரட்டும்ங்க, மாசம் நெருங்குனா நான் பாயைச் சுருட்டிக்கிட்டு உங்க வூட்டுலயே வந்து படுத்துக்கறேன், வண்டி எதுக்குங்க என்று சிரித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி வெறும் சாக்கு. நான் வா என்று கூப்பிட்டு, நீ வரமுடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று பயம், அவ்வளவுதான். இப்போது கூப்பிடுகிறேன். வந்துவிடு அம்மா. பிள்ளை பிறக்கும்வரை இரு, முடிந்தால் அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இரு.

உனக்கும் பிறக்கப்போகிற குழந்தைக்கும் என் ஆசீர்வாதம் என்றைக்கும் உண்டு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். மாடிப்படியில் பார்த்து இறங்கு. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, பதில் எதுவானாலும் நீயே உன் கையால் எழுது. மாப்பிள்ளை எழுதினால் மரியாதைக்காக நான் சரி என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்ச்சுனன்