கல்யாண மேஜைக்கு அடியில்

மார்ச் 4
டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "பெருவிரல் பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கே, எப்படிம்மா நடக்கிறீங்க?" என்றார். கோபத்தோடு நடக்கிறேன் என்றேன். புடைத்த எலும்பை வெட்டி, விரலை நேராக்கித் திருகாணி போடுவாராம். போடட்டும். ஐம்பத்தாறு வயதில் மறுபடி மணப்பெண் ஆகிறவள் தொளதொளச் செருப்போடு போவதா?

மார்ச் 7
நான் கட்டிக்கொள்ளப்போகும் ரஸிமோடு சண்டை. கல்யாணத்துக்குப் பிறகு அய்வாலிக்கில் அவருடைய ஒலிவத் தோட்ட வீட்டில்தான் இருக்க வேண்டுமாம். முதல் கணவர் காலத்தில் திரைச்சீலை நிறம்கூட அவர் சொன்னதுதான். இந்த இஸ்மிர் வீடு நானாகப் பார்த்து வாங்கியது. விடமாட்டேன்.
கடைசியில் ஊர்க் கல்யாண வழக்கத்துக்கே விட்டோம்: பதிவு மேஜையில் கையெழுத்துப் போட்டதும் யார் மற்றவர் காலை முதலில் மிதிக்கிறாரோ, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மற்றவர்கள் சிரிப்புக்கு மிதிப்பார்கள். நாங்கள் வீட்டுக்காக.

மார்ச் 19
வெட்டியாயிற்று. அம்மாடி, என்ன வலி.

மார்ச் 23
தங்கை மெலாஹத் சூப்போடு வந்தாள். "இந்தக் கால வெச்சுக்கிட்டு யார மிதிக்கப் போற? இப்பவே பெட்டியக் கட்டுக்கா" என்றாள். சூப் நன்றாக இருந்ததால் திட்டாமல் விட்டேன். அவள் போனதும் அழுதேன்.

ஏப்ரல் 11
டாக்டர் ஒரு செருப்பு கொடுத்தார். அடி பலகை மாதிரி, வளையவே இல்லை. கல்யாணத்துக்கும் இதுதானாம்.
"குதிகால்ல பாரம் கொடுக்கலாமா?"
"தாராளமா. ஏன் கேக்கிறீங்க?"
"சும்மாதான்."

ஏப்ரல் 27
கையெழுத்துப் போட்டேன். பேனாவைக் கீழே வைக்குமுன் குதிகாலை இறக்கினேன். ரஸிம், "ஐயோ" என்று எழுந்தேவிட்டார். கல்யாண அதிகாரி, "மாப்பிள்ளை, சம்மதம்னு ஏற்கெனவே சொல்லிட்டீங்க" என்றார். மண்டபமே சிரித்தது.

ஏப்ரல் 30
ரஸிமின் கால் நகம் கறுத்துவிட்டது. என் டாக்டரிடமே கூட்டிப்போனேன். அவர் நகத்தைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார், மருந்துச் சீட்டு எழுதினார்.
திரும்பும்போது கேட்டேன்: "உங்க கால் எப்படி அவ்வளவு வாகா என் பக்கம் இருந்துச்சு?"
"நான்தான் நீட்டி வெச்சேன். புண்ணு காலோட நீ தேடி அலைய வேணாமேன்னு. அந்தச் செருப்பப் பத்தி எங்கிட்ட யாரும் சொல்லல."
என் வெற்றியில் இவர் பங்கு கேட்பதா என்று கோபம் வந்தது. வந்த கோபம் நிலைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே படி ஏறினோம்.

மே 9
ரஸிம் தன் ஒலிவ எண்ணெய் டின்களை என் சமையலறையில் அடுக்கிவிட்டார். அறுவடை மாதம் முழுக்க அய்வாலிக்கில் இருப்போம் என்றேன்.
"உத்தரவா?" என்றார்.
உத்தரவுதான் என்றேன்.