குழிக்கு ஒரு கழி

ஐப்பசி 10

தோணிரேவு பக்கத்தில் நம் குப்பத்திலிருந்து ஆயா குப்பம்மாள், பேரன் ஹரிஷுக்கு எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன்.

உன் போன் நம்பர் மாறிவிட்டது. உன் கூட்டாளி சந்தோஷிடம் கேட்டால், "எனக்கு இன்னா ஆயா தெரியும்" என்று தலையைச் சொறிந்தான். பொய் சொன்னால் அவன் தலையைச் சொறிவான். ஆறு வயதில் என் கோழியைத் திருடின நாளிலிருந்து எனக்குத் தெரியும். மூன்று நாள் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். நாலாம் நாள், நீ ஒடிசாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறாய் என்று சொல்லி விலாசம் கொடுத்தான். இரண்டாம் வகுப்போடு நின்ற கை இது. உன் அத்தை மகள் அனிதாவை எழுதச் சொல்லியிருக்கலாம். அவள் அம்மாவைப் பற்றி இதில் இருப்பதால் வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படி.

குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மணல் லாரி போன பாதையில் மழை பெய்தால் முட்டி வரை பள்ளம். ஜெயம்மாவுக்குக் கால் வீக்கம். உன் தாத்தா செத்த அன்றைக்கு அவள் காதுகுத்து விருந்துக்குப் போனவள், அதனால் நான் விசாரிக்கவில்லை. தை மாதத்திலிருந்து பொம்பளைகள் ஒருத்தரும் ஏரியில் இறங்கவில்லை. அவளும் நானும் ஒரே புங்கமர நிழலில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மோகன்குமார் காண்டிராக்டர் ஆள் என்று வந்து நின்றதை நான் மறக்கவில்லை. பிஸ்கட் பாக்கெட் கொடுத்தான். முகத்துவாரம் தூர்ந்து கிடக்கிறது, வாரினால் கடல் தண்ணீர் உள்ளே வரும், இறால் கூடும் என்றான். ஊர்த் தலைவர் பெருமாள் தலையாட்டினார். நான் மட்டும் கேட்டேன், "மொகத்துவாரம் அங்க கீது, மிஷினை ஏம்பா நாங்க எறா தடவுற எடத்துல எறக்குறே?" என்று. "ஏரி பூரா ஒண்ணுதான் பாட்டி" என்றான். நீ மிதவை மேல் அந்த மிஷினில் கூலிங்கிளாஸ் போட்டு உட்கார்ந்துகொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் வைத்திருக்கிறேன். சேறு கரையில் கிடந்தது, மணல் லாரியில் போனது.

சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே உன் அத்தையிடம் பெருமை அடிப்பாய். "இன்னிக்கு போட்டேன் பாரு அத்தை ஒரு குழி, பனைமரத்தை நிக்க வச்சாலும் முழுகிடும்" என்பாய். ஜமுனாவும் சிரித்துக்கொண்டே உனக்குச் சோறு போடுவாள். உன் அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், நீ எதைச் சொன்னாலும் சிரிப்பாள். எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில்தான் நெத்திலி ஆய்ந்துகொண்டு இருந்தேன். கேட்கவில்லை. ஏரிக்குள் நம் முட்டிக்கும் உள்ளங்கைக்கும் தெரியாத இடம் ஒன்று இருக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் போகிறவர்களுக்கு அப்படித் தோன்றாது.

அந்தக் காலையில் நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழு பேர் வரிசையாக மண்டியிட்டுப் போனோம். நெஞ்சு வரை தண்ணீர். எனக்கு வலது பக்கம் ஜமுனா. எல்லார் வாயிலும் இறால் போடும் கூடையின் கயிறு. சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு மிடறு தண்ணீர் குடித்த மாதிரி ஏதோ கேட்டது. திரும்பினேன். அவள் இருந்த இடம் காலி. நான் கையை நீட்டிக்கொண்டு போனேன், தரை வழுக்கிக்கொண்டு கீழே போனது. ஜெயம்மாதான் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். சடையன் படகு கொண்டு வந்து மூழ்கித் தூக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கூடை அவளோடுதான் வந்தது. கயிறு பல்லில் இருந்தது. எடுக்க வரவில்லை, அறுத்தார்கள்.

இதுவரை ஒருவரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். பத்து வயதில் நண்டு கவ்வியது என்று ஜமுனா ஒரு தடவை வாயைத் திறந்து கத்தினாள். கூடை போய்விட்டது. தண்ணீரிலேயே நிற்க வைத்து அறைந்தேன். வாயைத் திறந்தால் கூடை போகும், கூடை போனால் சோறு போகும் என்றேன். அதற்கப்புறம் அவள் தண்ணீரில் வாயைத் திறந்ததே இல்லை.

அதிகாரிகள் வந்தார்கள். மீன் பிடிக்கும்போது தவறி விழுந்தார் என்று எழுதிக்கொண்டார்கள். தவறி விழ அது என்ன கிணறா. ஏரியில் மண்டியிட்டுப் போகிறவள் எங்கே விழுவாள். மோகன்குமார் அங்கே குழியே இல்லை, இயற்கையிலேயே ஆழம் என்றான். பெருமாள் அதற்கும் தலையாட்டினார்.

சுடுகாட்டில் உன்னை அடித்தேன். அவளுக்குப் பதிலாக நீ போயிருக்கக் கூடாதா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். நீ தலையை நிமிர்த்தவில்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டாய். கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் இதை எழுதவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கையில் குச்சியோடு இறங்கிப் பார்த்தோம். குச்சி ஊன்றினால் சேறு கலங்கி இறால் ஓடிவிடுகிறது. ஒரு கையில் குச்சி பிடித்தால் தடவ முடியவில்லை. சடையன் படகிலிருந்து கழி குத்திப் பார்த்து நாலு குழி கண்டுபிடித்தான், ஜமுனா போனதையும் சேர்த்து. சந்தோஷிடம் நீ சொன்னாயாம், நம் இடத்தில் மட்டும் போட்டது பதினொன்று என்று. மீதி ஏழு உனக்குத்தான் தெரியும். ஓரம் சரிந்து சரிந்து குழி அகலமாகிக்கொண்டே போகிறதாம். லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்களுக்கு பைபர் படகு இருக்கிறது, கடல் இருக்கிறது. நமக்குக் கையும் இந்த ஏரியும்தான்.

நேற்று அனிதா அவள் அம்மா கூடையைப் பரணிலிருந்து எடுத்தாள். பொத்தலை அடைத்தாள். புதுக் கயிறு போட்டாள். கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் இறால் வரும், எல்லாரும் இறங்கப் போகிறோம் என்றாள். நீ போகக் கூடாது என்றேன். "எத்தினி நாளிக்கு ஆயா கரையில குந்தினு இருப்பே? ரேஷன் அரிசிக்குத் தொட்டுக்க இன்னா, உன் கோவமா?" என்றாள். என் வாய் அவளுக்கு. அப்புறம் சொன்னேன், ஆழம் தட்டுப்பட்டால் வாயைத் திறந்து கத்து, கூடை போனால் போகட்டும் என்று. "இன்னா ஆயா, புச்சா சொல்றே" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கயிறு தாங்குமா என்று பல்லில் கவ்வி இழுத்துப் பார்த்தாள்.

குழிக்கு ஒன்றாக அடையாளம் நட, சடையன் பதினோரு சவுக்குக் கழி வெட்டினான். நாலை நட்டாகிவிட்டது. ஏழு நம் வாசலில் கிடக்கிறது. தினமும் தாண்டித்தான் உள்ளே போகிறேன். நீ தண்ணீரில் இறங்க வேண்டாம். படகில் உட்கார்ந்து, இங்கே, இங்கே என்று கையைக் காட்டினால் போதும். எந்த ஆபீசிலும் வந்து சாட்சி சொல்லு என்று கேட்கவில்லை. அதை உன் மனசு பார்த்துக்கொள்ளட்டும். நீ வந்தால் ஜனங்கள் ஏசுவார்கள். ஜெயம்மா காறித் துப்புவாள். துடைத்துக்கொள். நான் பேசுவேனா என்று தெரியாது. சோறு போடுவேன்.

மழை விடுவதற்குள் வா. பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ் பிடி. லீவு தரவில்லை என்றால், ஏரியை ஒரு காகிதத்தில் வரைந்து ஏழு புள்ளியாவது வைத்து அனுப்பு. ஆனால் காகிதத்தைப் பார்த்து எனக்குக் கழி நடத் தெரியாது. நீயே வா.

உன் அத்தை இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாளோ தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எந்தத் தண்ணீரில் கால் வைத்தாலும் உனக்குத் தரை தட்டுப்படட்டும். அனிதாவுக்கும் தட்டுப்படட்டும்.

இப்படிக்கு,
வாசலில் ஏழு கழியோடு காத்திருக்கும்
உன் ஆயா குப்பம்மாள்