உன் கண்ணாடி ஆறிவிட்டது

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போன மார்கழியில்தான் முதியோர் பள்ளியில் சேர்ந்தேன். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. இந்த வயதில் எனக்கு 'ழ' போட வந்துவிட்டது என்று ஒரே சந்தோஷம். சொல்லிக்கொள்ளத்தான் நீ இல்லை.

படிக்கக் கற்றதே, நீ ராத்திரி வானம் பார்த்து எழுதிவைத்த நோட்டுக்காக. நீ போன பிறகு இரண்டு வருஷம் அது பரணில் கிடந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். 'சனியின் வளையம் இன்றும் நெளிகிறது. கண்ணாடியை நான் சரியாகத் தேய்க்கவில்லை.' அதோடு நின்றிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நேரம் போக, எட்டு மாதம் தொலைநோக்கிக்கென்று கையால் தேய்த்த கண்ணாடி. இந்தக் குறையோடா போனாய்?

உன் தொலைநோக்கியை மறுபடி கொல்லையில் நிறுத்தினேன். வளையம் நெளியத்தான் செய்தது, கானல் மாதிரி. ஒருநாள் நார்த்தாமலையிலிருந்து வரும்போது, பொழுது சாய்ந்த பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். சுட்டது. வெயில் போயும் சூடு போகவில்லை. வீட்டுக்கு வந்து உன் கண்ணாடியின் முதுகில் கை வைத்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது.

அந்தச் சூட்டைக் காத்து வைத்தது யார் தெரியுமா? நான்தான். பகலெல்லாம் ஓட்டுக்கூரையின் கீழ் வெந்த கண்ணாடியை, பனி பட்டு ரசம் கெட்டுவிடும் என்று, நீ பார்க்க வரும்வரை கம்பளியில் பொதிந்து வைத்தேன். "பிள்ளையப் பொத்துற மாதிரிப் பொத்துறீங்க மச்சான்" என்று சிரிப்பாயே. உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

போன வாரம் ஒருநாள் கம்பளியைத் தூர எறிந்தேன். நம் தெருவுக்குத்தான் இன்னும் கரண்டு வரவில்லையே. குழாயின் அடியில் இருக்கும் கண்ணாடியின் முகத்தில் தூசி படாமல் பின்பக்கமாக இருந்து பனையோலை விசிறியால் வீசினேன். உன் அக்காள் வந்து நின்றாள்.

"இங்கிட்டு ஆளு வெந்து சாகுது. நீங்க கண்ணாடிக்கு வீசுறீங்களாக்கும்?"

"சூடு ஆறுனாத்தான் சனி தெளிவாத் தெரியும்."

"அவன் நம்மளப் பார்க்குறது பத்தாதா? நாமளும் போய்ப் பார்க்கணுமா? பார்த்துப் பார்த்துத்தான் என் தம்பியக் கொண்டுபோனான்."

உள்ளே போய்விட்டாள். ஒரு மணி நேரம் வீசிவிட்டு முக்காலியில் ஏறிப் பார்த்தேன்.

மாப்பிள்ளை, வளையம் அசையாமல் நின்றது! சனிக்கும் வளையத்துக்கும் நடுவே நகத்தால் கீறின மாதிரி கறுப்பு இடைவெளி. உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. உன் கை தவறவில்லை என்பதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உள்ளே இன்னும் சூடு மிச்சம்போல, கொஞ்ச நேரத்தில் மறுபடி நெளிந்தது. வீசினால் பார்க்க முடியாது, பார்த்தால் வீச முடியாது. ஒற்றை ஆளுக்கு ஆகிற காரியமா இது? இறங்கப் போனேன். கீழே விசிறிச் சத்தம் கேட்டது. உன் அக்காள் தரையில் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வீசிக்கொண்டிருந்தாள்.

"நான் பார்க்க மாட்டேன். தம்பி கண்ணாடி நல்லாருக்கா, அத மட்டும் சொல்லுங்க."

"நல்லாருக்கு."

அவள் விசிறியை நிறுத்தவில்லை.

நோட்டில் உன் வரிக்குக் கீழே என் கையால் எழுதிவிட்டேன்: 'கண்ணாடி சரி. கம்பளிதான் தப்பு.' வருகிற வெள்ளிக்கிழமை அவளை முக்காலியில் ஏற்றிப் பார்க்கப் போகிறேன். ஏறினாலும் சரி, ஏறாவிட்டாலும் சரி, என்ன சொன்னாள் என்று மறுநாளே உனக்கு எழுத உட்காருவேன்.

உன் அக்காளைக் கட்டிய,
மச்சான்